அலிபிரி லாட்ஜுக்கு ஈவ்லின் எழுதிய போர்டு

ஏப்ரல் இருபத்து மூன்றாம் தேதி ஈவ்லின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொண்டுவந்தாள். கடிகாரம் கொடுத்து அனுப்பினால் இனிமேல் வராதே என்று அர்த்தம். ஏழாவதோடு நின்ற எனக்கே அது தெரியும்.

என் வீட்டுக்காரி சித்தூரில் ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலில் பதினாறு வருஷம் தமிழ் டீச்சராக இருந்தாள். அவள் சேர்ந்தபோது தமிழ் எடுக்கிற பிள்ளைகள் வகுப்புக்கு இருபது பேர். போன வருஷம் ஸ்கூல் முழுக்கச் சேர்த்தே ஆறு பேர்தான். மற்ற எல்லாரும் தெலுங்குக்குப் போய்விட்டார்கள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்கள் பெண் ஜெமிமாவையே நாங்கள் தெலுங்கில்தான் போட்டோம். ஆறு பேருக்கு ஒரு டீச்சர் வைக்க எந்தக் கரஸ்பாண்டென்ட்டும் பைத்தியம் இல்லை.

அன்றைக்குச் சாயந்திரமே வேலூரிலிருந்து அவள் தம்பி அனில் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நர்சிங் படிக்கிற பொண்ணுங்க ஹாஸ்டலு. வார்டன் வேலை. நான் பேசி வெச்சிருக்கேன். ஜூன் பதினஞ்சுல சேரணும். ரூமு, சாப்பாடு எல்லாம் அங்கயே."

"அங்கயேன்னா?"

"தங்கித்தான் ஆவணும்க்கா. ரெண்டாவது சனிக்கெழம வூட்டுக்குப் போய்ட்டு வரலாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, நான் எழுதலாம்னு இருக்கேன்."

"எழுது. யாரு வேணான்னாங்க?"

"அப்பிடி இல்லங்க. அதையே வேலையா. வீட்ல உக்காந்துகினு, கேக்கறவங்களுக்கு எழுதிக் குடுக்கறது. கம்பெனிக்கு, கடைக்கு, யாருக்கு வேணுமோ அவங்களுக்கு. நெறைய பேரு பண்றாங்களாம்."

"உன்ன யாரு கேட்டாங்க?"

"இன்னும் யாரும் கேக்கல."

"கேக்காத ஆளுக்கு எழுதி எந்த அட்ரஸுக்கு அனுப்புவ?"

சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "ஜூன் பதினஞ்சு வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள நாலு பேராவது கூப்புட்டு வேலை குடுத்தாங்கன்னா இங்கயே இருக்கேன். இல்லன்னா பொட்டிய கட்டிக்கினு வேலூருக்குப் போய்டறேன்."

ஏழரை வாரம் இருந்தது. கலியாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இல்லாமல் நான் தொடர்ந்து மூன்று நாள் இருந்ததில்லை. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற ஆள் நான் இல்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்றேன்.

சித்தூரிலிருந்து கங்காதர நெல்லூர் போகிற ரோட்டில் எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரைப் பிரித்து, செப்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் போட்டு ஓடவைப்பது என் வேலை. கடைக்குப் பின்னால்தான் வீடு. எழுத்து என்றால் எனக்கு மோட்டார் மேல் சாக்பீஸால் ஆள் பேர் எழுதுவது, அவ்வளவுதான். ஆனால் ஈவ்லினுக்கு எழுத வரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் சர்ச் சபையில் எல்லாருக்கும் தெரியும்.

எங்களில் யாராவது செத்தால் அடக்க ஆராதனையில் அவர்களுடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதி வாசிப்பார்கள். எந்த வருஷம் பிறந்தார், யாரிடம் ஞானஸ்நானம் வாங்கினார், எப்போது திடப்படுத்தல், யாரோடு விவாகம், எத்தனை பிள்ளை, எத்தனை பேரப்பிள்ளை. பேரை மட்டும் மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஜனங்கள் அந்த நேரத்தில்தான் செருப்பு எங்கே விட்டோம் என்று யோசிப்பார்கள். அந்த வேலை ஈவ்லின் கைக்கு வந்த பிறகு கூட்டம் அசையாமல் கேட்க ஆரம்பித்தது. அவள் சாவு வீட்டுக்குப் போனால் கூடத்தில் உட்கார மாட்டாள். நேராகச் சமையல் கட்டுக்குப் போய், காப்பி போடுகிற பொம்பளைகளோடு உட்கார்ந்துகொள்வாள். "அவருக்குக் கோவம் வந்தா இன்னா பண்ணுவாரு?" என்று கேட்பாள். "காலைல எழுந்தா மொதல்ல எங்க போவாரு?" என்று கேட்பாள். ரயில்வேயில் கேங்மேனாக இருந்த சாலமோன் போனபோது, ரிட்டையரான பிறகும் தினம் விடிகாலையில் தண்டவாளம் வரை நடந்து போய் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருவார் என்று எழுதியிருந்தாள். வாசித்த பாஸ்டர் அந்த வரியை இரண்டாம் தடவையும் வாசித்தார். இப்படி முப்பது நாற்பது பேருக்கு எழுதியிருப்பாள். கூலி என்று பார்த்தால் அந்த வீட்டுக் காப்பிதான்.

ஆனால் செத்தவர்களை வைத்துக்கொண்டு தொழில் செய்ய முடியாது. உயிரோடு இருக்கிற யாராவது கூப்பிட வேண்டும்.

ஜெமிமா திருப்பதியில் டிகிரி படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். லீவுக்கு வந்தவள் அம்மாவை உட்கார வைத்துப் போனில் ஒவ்வொரு கம்பெனியாகப் பதிவு செய்தாள்.

"அம்மா, உன் ஸ்கில் இன்னான்னு கேக்குதும்மா."

"தமிழ்."

"அது ஸ்கில் இல்லம்மா. லாங்குவேஜு."

"அப்ப பதினாறு வருஷமா நான் இன்னாடி சொல்லிக் குடுத்துக்கினு இருந்தேன்?"

"எனக்கு இன்னா தெரியும்? நீதான் என்ன தெலுங்குல சேத்துட்டியே."

அம்மாவும் பெண்ணும் சிரித்த சிரிப்பில் கடையில் நான் எண்ணிக்கொண்டிருந்த கம்பிச் சுற்று தப்பிவிட்டது. மறுபடி முதலிலிருந்து சுற்றினேன்.

பத்தொன்பது இடத்துக்கு அனுப்பினார்கள். ஒரு கம்பெனி தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைப் பற்றிப் பத்துக் கட்டுரை கேட்டது, டெஸ்ட் என்று. ஒரு வாரம் உட்கார்ந்து எழுதி அனுப்பினாள். பதிலே இல்லை. "எண்ணெயாவது அனுப்புனானா?" என்று கேட்டேன். முறைத்தாள். இன்னொருத்தன், "இப்பல்லாம் மெஷினே எழுதிடுது மேடம், நீங்க தப்பு மட்டும் பாத்துக் குடுங்க" என்று நாற்பது பக்கம் அனுப்பினான். ஒவ்வொரு வரியும் தப்பு. நாலு நாள் கண் சிவக்கத் திருத்திக் கொடுத்த பிறகு, அந்த வேலையே கேன்சல் ஆகிவிட்டது என்று மெசேஜ் வந்தது. மே பத்தாம் தேதி ஆயிற்று. நாலு பேரில் ஒருத்தர்கூட இல்லை. ஜெமிமாவும் திரும்பிப் போய்விட்டாள். ஈவ்லின் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அந்த வாரம் முனிரத்னத்தின் மோட்டார் வந்தது. முனிரத்னம் கங்காதர நெல்லூர்க்காரர், தெலுங்குக்காரர், திருப்பதி மலை அடிவாரத்தில், அலிபிரியில் ஒரு லாட்ஜ் வைத்திருக்கிறார். திருப்பதியில் ஆயிரம் மெக்கானிக் இருந்தாலும் அவர் லாட்ஜ் போர் மோட்டார் எரிந்தால் என்னிடம்தான் வரும். சுற்றி முடித்து, அவருடைய வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய், நானே மாட்டிக் கொடுத்தேன். கை கழுவ ரிசப்ஷன் பக்கம் வந்தபோது சுவரில் தமிழில் ஒரு போர்டு பார்த்தேன். "அறைக்குள் துணி துவைப்பது தண்டனை. விருந்தாளிகள் வாளியைத் தங்கள் சொந்த ஆபத்தில் எடுத்துச் செல்லவும்."

"இத எவன் எழுதுனான்?" என்று கேட்டேன்.

"எவரு ராயலேது. போனே ராசிந்தி," என்றார் முனிரத்னம். யாரும் எழுதவில்லையாம், போனே எழுதியதாம். "நேனு தெலுங்குல சொன்னா அதே அரவத்துல போட்டுடுது. ஏன், பாகலேதா, நல்லா இல்லியா?" எங்கள் பக்கத்துத் தெலுங்குக்காரர்களுக்குத் தமிழ் என்றால் அரவம்.

"உனுக்கு வர்ற பஸ்ஸுல பாதி தமிழ்நாட்டு பஸ்ஸு. இத படிச்சிட்டு எவன் பக்கெட்ட தொடுவான்? என் வூட்டுக்காரி எழுதுவா. டீச்சரு." அப்புறம் அந்தப் போர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், "சும்மா இல்ல. கூலி குடுக்கணும்."

"டீச்சரம்மாவா? சரே. ராயமனு." எழுதச் சொல் என்றார்.

வீட்டுக்கு வந்து, "அலிபிரில ஒரு போர்டு எழுதணுமாம்" என்றேன், பெரிய விஷயம் இல்லை என்கிற மாதிரி. கழுவிக்கொண்டிருந்த குண்டானைப் போட்டுவிட்டு ஈரக் கையோடு நோட்டை எடுத்தாள்.

இரண்டு நாள் எழுதினாள். எழுதுவாள், கிழிப்பாள். கடைசியில் கடைக்கு வந்து நின்றுகொண்டு எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"அன்பானவர்களே! மலையேறி இறங்கிக் களைத்து வருகிற உங்களை இவ்விடுதியார் மிகுந்த சந்தோஷத்தோடே வரவேற்கிறார்கள். நீங்கள் குடும்பம் குடும்பமாய் இங்கே தங்கி, சமாதானத்தோடே இளைப்பாறி, நல்ல சுகத்தோடும் ஆசீர்வாதத்தோடும் வீடு திரும்புவீர்களாக. விடுதியின் ஒழுங்குகளுக்குக் கீழ்ப்படிந்து நடக்கும்படி மிகவும் தாழ்மையாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்."

"பிரமாதம்" என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் செய்த எதையும் நான் பிரமாதம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவளும் நம்பினாள்.

முனிரத்னத்துக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எட்டடி ஃப்ளெக்ஸாக அடித்து கேட்டிலேயே கட்டிவிட்டார். ஓரத்தில் அவர் போட்டோ.

நாலாம் நாள் என் போனுக்கு முனிரத்னம் கூப்பிட்டார். கையெல்லாம் வார்னிஷ், அதனால் ஈவ்லின்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"ஏமய்யா அசரய்யா! இன்னா எழுதிக் குடுத்துருக்க நீ?"

"ஏன், இன்னா ஆச்சி?" என்று நான் கேட்டேன்.

விஷயம் இது. வாலாஜாவிலிருந்து பச்சையப்பன் என்று ஒரு ஆள் மாசம் இரண்டு தடவை ஒரு பஸ் நிறைய ஆட்களைத் திருப்பதிக்குக் கூட்டிவருவார். அன்றைக்கும் வந்திருக்கிறார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அந்த ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று, இரண்டு கையையும் விரித்து, பிரசங்கம் பண்ணுகிற ராகத்தில் முழுசாகப் படித்திருக்கிறார். "கடைசில ஆமென் மட்டும் வுட்டுட்டாங்கப்பா" என்றாராம். பஸ்ஸே சிரித்திருக்கிறது. "காணிக்கைப் பை எப்ப வரும்?" என்று ஒரு அம்மா கேட்டதாம். முனிரத்னமும் என்ன ஏது என்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார். அப்புறம்தான் அர்த்தம் கேட்டிருக்கிறார்.

"இதி அலிபிரிய்யா! கோவிந்தான்னு வர்றவங்களுக்கு நீ ஜெபக்கூட்டம் நடத்துனா நாளைக்கு எவனாவது வந்து என்ன கேட்பான். நான் இன்னா செப்பேதி? ஃப்ளெக்ஸ அவுத்துட்டேன். போ."

போன் நின்றது. ஈவ்லின் நோட்டை எடுத்து அதை மறுபடி படித்தாள், வாய்க்குள்.

"நமக்கு இது தெரியவே இல்லையேங்க," என்றாள்.

தெரியவில்லைதான். எங்களுக்குப் பிறந்ததிலிருந்து அதுதான் மரியாதையான தமிழ். கலியாணப் பத்திரிகையும் அதிலேதான், குழாய் உடைந்தது என்று பஞ்சாயத்துக்கு எழுதுகிற மனுவும் அதிலேதான். பேசும்போது இன்னா, போய்க்கினு, வந்துக்கினு. பேனாவைத் திறந்தால் பிரசங்க பீடம். அவள் வகுப்பில் நடத்திய தமிழ் வேறு, அது பாடப் புத்தகம். தானாக ஒன்றை மனசு வைத்து எழுதினால் கை தானே சபைக்குப் போய்விடுகிறது. எழுதின அவளுக்கும் தெரியவில்லை, பிரமாதம் என்று சொன்ன எனக்கும் தெரியவில்லை.

என் மேல்தான் எனக்குக் கோபம். அதை அவள் மேல் காட்டினேன். "இதெல்லாம் நமக்கு ஒத்து வராது. பேசாம வேலூருக்கே போ. அனிலுக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடு" என்று கத்தினேன். அவள் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு மத்தியானம் நான் கனெக்ஷன் கொடுத்த மோட்டார் தலைகீழாகச் சுற்றியது.

மறுநாள் விடிந்ததும் பார்க்கிறேன், புடவை கட்டி, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"வேலூருக்கா?"

"திருப்பதிக்கு."

"அங்க எதுக்கு? திட்டு வாங்கவா?"

"அங்க வர்றவங்க ஒருத்தரகூட நான் பாக்கல. பாக்காமயே எழுதிட்டேன். சாவு வீட்டுக்கே போகாம வாழ்க்கைக் குறிப்பு எழுதுவனா நான்? போய்ப் பாத்துட்டு வரேன்."

"அவரு உள்ள வுட மாட்டாரு."

"கேட்டுக்கு வெளில உக்காந்துக்கறேன்."

நான் சட்டையை மாட்டிக்கொண்டேன். "பேரிங் ஒண்ணு சத்தம் போடுதுன்னாரு, நானும் வரேன்" என்றேன். பேரிங் எந்தச் சத்தமும் போடவில்லை.

முனிரத்னம் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஈவ்லின் நேராக அவரிடம் போய், "தப்பு என்னுதுங்க. ஃப்ளெக்ஸ் அடிச்ச செலவ நீங்க எனக்குத் தர வேண்டியதுல புடிச்சிக்குங்க. மூணு நாள் காலைல மட்டும் இந்தப் பெஞ்சுல உக்காந்துக்கறேன்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் மோட்டார் ரூமைப் பார்த்தேன். "ஒரு மூலைல உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் டிபனுக்குப் போய்விட்டார்.

செருப்பு விடுகிற ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பெஞ்சு அது. மலையிலிருந்து வருகிறவர்கள் முதலில் விழுகிற இடம். முதலில் வந்தது திருத்தணிப் பக்கத்து யமுனா என்கிற பெண். இடுப்பில் மொட்டை போட்ட குழந்தை, பின்னால் முட்டியைப் பிடித்துக்கொண்டு மாமியார்.

"இன்னாம்மா, நோட்டு வெச்சிக்கினு உக்காந்துருக்கற? கணக்கெடுக்க வந்தியா?" என்றது அந்த மாமியார். "எங்க ஊட்டு ரேஷன் கார்டுல இந்தக் கொழந்த பேர சேக்கணும். எழுதிக்கோ."

"ரேஷன் கார்டு நம்ம கையில இல்லங்க," என்றாள் ஈவ்லின். "உள்ள வந்ததும் மொதல்ல உங்களுக்கு இன்னா வேணும்? அத சொல்லுங்க."

"மொதல்லயா? கால வெட்டி எங்கயாவது வெச்சிடணும்."

"வெந்நி குடுத்தா?"

"குடுத்தா மவராசியா இருப்ப. யாரு குடுக்கறாங்க?"

யமுனா குறுக்கே வந்தாள். "அத்த, நீ சும்மா இரு. அக்கா, கொழந்த தல எரியுதுன்னு அழுவுது. சந்தனக் கட்டி வாங்கிட்டேன், ஒரசறதுக்குக் கல்லு எங்கக்கா போயி தேடறது? அதுவும் இல்லாம கட்டுச்சோறு வெச்சிருக்கோம். ரூமுல துன்னா திட்டுவாங்களோன்னு ரோட்டுலயே நின்னு துன்னுட்டோம்."

ஈவ்லின் எழுதிக்கொண்டே இருந்தாள். மூன்று காலையும் அப்படித்தான். என்னையும் விடவில்லை. பெஞ்சில் உட்காராமல் நேராக மாடிப்படியைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுகிற ஆம்பளைகளிடம் போய் என்ன ஏது என்று கேட்டுவரச் சொன்னாள். நான் கேட்டால் ஜனங்கள் பயப்பட்டார்கள். ஒருத்தர் ஆதார் கார்டை எடுத்து நீட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதி முடித்தாள். இரண்டு நாள் கிழிக்கவில்லை, ஒரு மணி நேரம்தான்.

"மலையேறி இறங்கி வந்தீங்களா? முதல்ல உட்காருங்க, ரூம் சாவி அப்புறம் வாங்கிக்கலாம். காலுக்கு வெந்நீர் வேணும்னா பக்கெட் கேளுங்க, காசு இல்ல. முட்டி வலிக்கிற பெரியவங்க கூட இருந்தா முன்னாடியே சொல்லுங்க, கீழ் ரூம் பாத்துத் தருவோம். மாடிக்கு லிஃப்ட் இல்ல. குழந்தைக்கு மொட்டை போட்டிருந்தா சந்தனம் உரசக் கல்லு ஆபீஸ்ல இருக்கு. கட்டுச்சோறை ரூம்லயே சாப்பிடலாம், இலையை மட்டும் வாசல் தொட்டியில போட்டுடுங்க. காலை ஒன்பது மணிக்கு ரூம் காலி பண்ணணும். பஸ் சாயந்திரம்தான்னா பையை இங்கேயே வெச்சிட்டுப் போங்க, சீட்டு தருவோம்."

அவள் தெலுங்கில் சொல்லச் சொல்ல முனிரத்னத்துக்கு ஒரு இடம்தான் பிடிக்கவில்லை.

"லிஃப்ட் லேதுன்னு நம்மளே ஏன் ராயணும்?"

"படி ஏறுன பொறவு தெரிஞ்சா உங்கள திட்டுவாங்க. முன்னாடியே தெரிஞ்சா மலையத் திட்டுவாங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒரு தடவை சூடு பட்டவர். அந்தத் தாளை வாங்கி, அப்போதுதான் வந்து உட்கார்ந்த ஒரு பெரியவரிடம் கொடுத்து, "அய்யா, சத்தமா சதவண்டி" என்றார். படிக்கச் சொன்னார். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முனிரத்னம் தாளைப் பார்க்கவில்லை, அந்த ஆள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈவ்லினும் அதைத்தான் பார்த்தாள். நானும். மூன்று பேரும் ஒரு மனுஷன் மூஞ்சியை இப்படிப் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்? பெரியவர் இரண்டு வரி படித்தார், மூன்றாவது வரியில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன்பா," என்றார் முனிரத்னத்திடம், "அந்த பக்கெட்டு யார்கிட்ட கேக்கணும்?"

முனிரத்னம் உள்ளே திரும்பி, வெந்நீர் எடுத்துவரச் சொல்லிக் கத்தினார். அதுவரைக்கும் அந்த லாட்ஜில் வெந்நீர் பக்கெட் என்று ஒன்று கிடையாது. ஈவ்லின் எழுதிவிட்டதால் அன்றைக்கு ஏற்பாடு ஆயிற்று. சந்தனக் கல்லும் அன்று சாயந்திரம்தான் வாங்கிவந்தார்கள்.

அதுதான் ஒண்ணாவது ஆள். மே இருபது.

வடமாலபேட்டையில் சென்னை ரோட்டு மேல் மெஸ் வைத்திருக்கிற மோகன்ராஜ் அந்தப் போர்டை லாட்ஜில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். திரும்பிப் போகிற தமிழ்நாட்டு பஸ்ஸெல்லாம் அவர் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும், ஆனால் எதுவும் நிற்பதில்லை என்றார். ஈவ்லின் போர்டு எழுதுவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். "பொம்பளைங்களுக்கு பாத்ரூம் இருக்குன்னு எங்கயுமே எழுதலங்க. பின்ன எப்பிடி நிப்பாங்க?" என்றாள். அது இரண்டு.

சபையில் பேச்சு வராமல் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஞானம்மாள் பெரியம்மா வாசலிலேயே மடக்கினார்கள். "ஏண்டி ஈவ்லின், மலைக்குப் போறவங்களுக்கு எழுதித் தர்றியாமே?"

"கால் வீங்கி வர்றவங்களுக்கு வெந்நி எங்க இருக்குன்னு எழுதறேன் பெரிம்மா."

பெரியம்மா கொஞ்சம் யோசித்தார்கள். "என் காலும்தான் வீங்கிக் கெடக்குது. எனக்கு எவ எழுதறா?" என்றார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மே கடைசியில் பச்சையப்பனின் பஸ் மறுபடியும் அலிபிரிக்கு வந்தது. அடுத்த நாள் ஈவ்லினுக்குப் புது நம்பரிலிருந்து போன்.

"அம்மா, அந்த லாட்ஜு போர்டு நீங்க எழுதுனதாமே. நல்லாருக்கும்மா. எங்க ஊரு ஆளு எழுதுன மாதிரியே இருக்குது."

"சந்தோஷங்க."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு கட்டியிருந்தாங்களே, அது யாரு எழுதுனது?"

ஈவ்லின் என்னைப் பார்த்தாள். "அதுவும் நான்தாங்க."

"நான்தாம்மா அத ராகம் போட்டுப் படிச்சவன். மனசுல வெச்சிக்காதீங்க" என்றார்.

"நல்லா படிச்சீங்களாமே. எங்க பாஸ்டர் லீவுல போனா கூப்புடறோம்."

அவர் சிரித்த சிரிப்பு எனக்குக் கடையில் கேட்டது. ஆடி மாசம் நூற்று இருபது பேரைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் யாத்திரை போகிறாராம். என்ன எடுத்துவர வேண்டும், எங்கே இறங்க வேண்டும், தொலைந்துபோனால் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு சின்னப் புஸ்தகம் வேண்டுமாம். போன தடவை ஒரு அம்மாவைக் காளஹஸ்தியில் விட்டுவிட்டு வாலாஜா போய்ச் சேர்ந்த பிறகுதான் எண்ணிப் பார்த்தாராம். ஜூன் பதினெட்டுக்குள் வேண்டும். அது மூன்று.

நாலாவது வரவில்லை. ஜெமிமா அந்தப் போர்டைப் போட்டோ எடுத்துச் சென்னையில் ஒரு டிராவல்ஸ் கம்பெனிக்கு அனுப்பியிருந்தாள். ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், பார்க்கிறோம் என்றார்கள். ஈவ்லின் அனுப்பினாள். பார்த்தார்களா இல்லையா என்று தெரியவில்லை. எண்ணெய்க் கம்பெனி ஞாபகம் எனக்கு வந்தது, சொல்லவில்லை. துடைத்து வைத்த பெட்டி கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவளும் அதைப் பரண் மேல் ஏற்றவில்லை, நானும் ஏற்றவில்லை.

ஜூன் பன்னிரண்டாம் தேதி பதினோரு மணி இருக்கும். அனில் என் போனுக்குக் கூப்பிட்டான்.

"மாமா, அக்கா போனு ஒரு மணி நேரமா பிசி. யார்கிட்ட பேசிக்கினு இருக்காங்க?"

"காளஹஸ்தில வுட்டுட்டுப் போனாங்களே ஒரு அம்மா, அவங்களாண்ட."

"யாரு மாமா அது?"

"அது பெரிய கதை. இன்னா விஷயம் சொல்லு."

"ஹாஸ்டல்ல கேக்கறாங்க மாமா. இன்னிக்கு முடிவு சொல்லணும். வேற ரெண்டு பேரு ரெடியா இருக்காங்களாம். அக்கா வருதுன்னு சொல்லிடவா?"

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். சமையல் கட்டில் தரையில் உட்கார்ந்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். "தனியா நிக்கறீங்க. மொழி தெரியல. அப்ப மொதல்ல யாரத் தேடுனீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. நான் போய் அடுப்பை அணைத்தேன்.

வராது என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வேலூருக்கே போ என்று ஒரு தடவை அவளுக்குப் பதிலாக நான் முடிவு செய்தது போதும்.

"லைன்ல இரு. அவளே சொல்லுவா," என்றேன்.

பத்து நிமிஷம் ஆயிற்று. அவன் வைக்காமல் இருந்தான். அவள் பேசி முடித்ததும் என் போனை நீட்டினேன். "அனிலு. ஹாஸ்டலுக்கு முடிவு கேக்கறான்." அப்புறம், சொல்லாமல் இருக்க முடியவில்லை: "மூணுதான் ஆச்சி. நாலுன்னு சொன்ன."

"தெரியும்," என்றாள். போனை வாங்கினாள். நோட்டை ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"அனிலு, நான் வரல. வேற ஆளப் போடச் சொல்லிடு. எனக்கு இங்க பதினெட்டாந்தேதிக்குள்ள குடுக்க வேண்டியது இருக்குதுடா." அவன் என்னமோ சொன்னான். "நாலாவது வரலன்னா இன்னா, நானே போய்த் தேடறேன். புத்தூர்ல பஸ் ஸ்டாண்டுகிட்ட ரெண்டு லாட்ஜு போர்டு பாத்து வெச்சிருக்கேன். ரெண்டும் போனு எழுதுனது" என்றாள்.

போனை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தாள். அனில் இன்னும் வைக்கவில்லை.

"மாமா, நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"எனக்கு மோட்டார் வேலை இருக்குதுப்பா," என்று சொல்லி வைத்துவிட்டேன்.